முதலில் நடந்தவர்

அவருக்குக் கேப்டன் என்று பெயர் வைத்தது மைத்துனர்தான். "ஓட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லாத வண்டியில முன்னாடி நின்னுக்கிட்டு வர்றாரே, அவருக்கு வேற என்ன பேரு வைக்கிறது?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கேட்டார். மகள் சிரித்தாள். மனைவி சிரித்தாள். அவரும் சிரித்து வைத்தார். முதலில் வீட்டோடு இருந்த பெயர் மாடிப்படி இறங்கி, தெருவைத் தாண்டி, கடைசியில் வேலை செய்யும் இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதற்கு முன்னால் பதினாறு வருடம் அவர் பஸ் கண்டக்டர். நகரத்தின் நடுவிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற பஸ். பெட்டியோடு ஏறுகிறவர்களைத் திட்டாமல் ஏற்றி, விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று பதறுகிறவர்களிடம் "போயிரலாங்க, போயிரலாம்" என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே அவருக்குத் தூக்கத்திலும் வரும். மோனோ ரயில் வந்ததும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஐம்பது வயதுக்குள் இருந்த கண்டக்டர்களைக் கூப்பிட்டு மோனோவில் வேலை கொடுத்தார்கள். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: உயரத்தில் நிற்கப் பயம் உண்டா? மூன்றாவது மாடியில் இருக்கும் சொந்த வீட்டின் பால்கனியில் துணி காயப்போடக்கூட மனைவியைத்தான் அனுப்புவார். ஆனாலும் 'இல்லை' என்ற கட்டத்தில் பேனாவை அழுத்தினார். குடும்பஸ்தன் வேறு என்ன செய்வான்?

வேலை கடினமில்லை. மோனோவுக்கு ஓட்டுநர் கிடையாது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார்கள். வண்டிக்கு ஒரு உதவியாளர் மட்டும் உண்டு. கதவு சரியாக மூடியதா, பெட்டி இடுக்கில் மாட்டியதா, யாராவது மயங்கி விழுந்தார்களா என்று பார்க்க வேண்டும். ஏழு நிலையம், இருபத்திரண்டு நிமிடம். தரையிலிருந்து நாலு மாடி உயரத்தில், ஒரு ஆள் குறுக்கே நீட்டிப் படுத்தால் இரண்டு பக்கமும் காலும் தலையும் வெளியே தொங்கும், அவ்வளவுதான் அகலம், அப்படியொரு கான்கிரீட் உத்தரத்தைக் கவ்விக்கொண்டு வண்டி போகும். போக ஒரு உத்தரம், வர ஒரு உத்தரம். நடுவில் வெறும் காற்று. கேப்டன் கண்ணாடி வழியாக எப்போதும் தூரத்தைத்தான் பார்ப்பார். கீழே குனிந்து பார்க்கிற பழக்கமே வைத்துக்கொள்ளவில்லை. மூன்று வருடம் அப்படியே ஓடிவிட்டது.

தினமும் வருகிறவர்கள் என்று சிலர் உண்டு. அதில் ஒருவர் போர்வைக்காரம்மா. விமானத்தில் பயணிகளுக்குக் கொடுக்கும் போர்வைகளைத் துவைத்து, மடித்து, பிளாஸ்டிக் உறையில் போடும் கூடத்தில் அவருக்கு வேலை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரண்டாவது நிலையத்தில் ஏறுவார், கதவை ஒட்டிய இருக்கையில் உட்காருவார், மடியில் துணிப்பை. ஏறும்போது கேப்டனைப் பார்த்து, "வணக்கம் தம்பி" என்பார். இவர் தலையாட்டுவார். எப்போதாவது மழை, கூட்டம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் பழக்கம்.

அது ஒரு வியாழக்கிழமை. காலை பத்தே முக்கால். ஐந்தாவது நிலையத்தைத் தாண்டி, கால்வாயின் மேல் வளைந்து போகிற இடத்தில் வண்டி முனகிக்கொண்டு நின்றது. வளைவில் உத்தரம் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும். ஓடும்போது அது தெரியாது. நின்றால் வண்டியே ஒரு பக்கம் சரிந்து நிற்கும். நாற்பத்தொரு பேரும் அந்தப் பக்கமாகச் சாய்ந்தார்கள். ஒரு சூட்கேஸ் தானாக உருண்டு போய்க் கதவில் மோதியது. குளிர்சாதனம் நின்றது. அதுவரை கேட்காத குழந்தை அழுகை கேட்டது.

கேப்டன் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். மின்சாரம் போய்விட்டது, அரை மணி நேரம் ஆகலாம் என்றார்கள். பத்து நிமிடத்தில் வண்டித் தரைக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. மறுபடி கூப்பிட்டார். இப்போது குரல் மாறியிருந்தது. "பக்கத்து லைன்ல காலி வண்டி அனுப்புறோம். பலகை போட்டு ஆட்களை மாத்திடுங்க. முறை ஞாபகம் இருக்குல்ல?"

முறை ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு அலமாரியில் மடக்கு பலகை இருக்கும். எதிர் வண்டி நேருக்கு நேராக வந்து நின்றதும், இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் பலகையைப் போட்டு, கொக்கியை மாட்ட வேண்டும். இந்தப் பக்கம் நிற்கும் உதவியாளர் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அனுப்ப வேண்டும். எல்லோரும் போன பிறகு வண்டியை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, அவர் கடைசியாகப் போக வேண்டும்.

எதிர் வண்டி வந்தது. அதில் உதவியாளராக இருந்தவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். இருவரும் பலகையைப் போட்டார்கள். கொக்கி மாட்டும்போது கேப்டன் குனிய வேண்டியிருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கீழே பார்த்தார். கால்வாய்த் தண்ணீர், கரையில் தீப்பெட்டி மாதிரி கார்கள், அண்ணாந்து பார்க்கும் ஆட்களின் முகங்கள். மீதிக் கொக்கியைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே மாட்டினார்.

நிமிர்ந்தபோது போர்வைக்காரம்மா அவருடைய முன்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். காதருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி சொன்னார்: "தம்பி, எனக்கு இடது கண்ணு தெரியாது. எது பலகை எது பள்ளம்னு பிடிபடாது. என்னை விட்டுறாதீங்க."

"விடமாட்டேங்க்கா," என்றார் கேப்டன். அந்த நிமிடத்தில் அதை மனதாரத்தான் சொன்னார்.

அப்போதுதான் அடியில் டமார் என்று ஒரு சத்தம். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. பின்னால் யாரோ, "விழப்போகுது!" என்று கத்தினார்கள். கேப்டன் தன் கையைப் பார்த்தார். அதில் அந்த அம்மாவின் விரல்கள் இறுகியிருந்தன. மற்றொரு கையால் அந்த விரல்களைப் பிரித்தார். உதறவில்லை, தள்ளவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு பலகையில் கால் வைத்து, மூன்றே எட்டில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அங்கிருந்த பெண் அவரை விழித்துப் பார்த்தாள். "சார், நீங்க ஏன் இங்க...?"

"பலகை தாங்குதான்னு பார்த்தேன்," என்றது அவர் வாய். அந்தப் பொய்யை அவர் யோசித்துச் சொல்லவில்லை. யாரோ உள்ளே தயாராக எழுதி வைத்திருந்த மாதிரி வந்து விழுந்தது. "தாங்குது. ஒவ்வொருத்தரா வரச் சொல்லு."

நின்றுபோன வண்டியின் கதவருகே ஒரு பருத்த மனிதர் அதைக் கேட்டுவிட்டார். "பாருங்க, அவரே நடந்து காட்டிட்டார்! பயப்படாம வாங்க!" என்று எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னார். யாரோ கை தட்டினார்கள். பயம் குறைந்தது உண்மை. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கேப்டன் எதிர் வண்டியின் கதவில் நின்று கை நீட்டி வாங்கிக்கொண்டார். திரும்பிப் போய் அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கால் வரவில்லை.

போர்வைக்காரம்மா கடைசியாக வந்தார். நடந்து வரவில்லை. பலகையில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையால் தடவித் தடவி, பின்புறத்தை நகர்த்தி நகர்த்தி வந்தார். துணிப்பையைப் பல்லில் கடித்திருந்தார். விளிம்புக்கு வந்ததும் கேப்டன் நீட்டிய கையைப் பிடித்துத்தான் எழுந்திருக்க வேண்டியிருந்தது. பிடித்தார், எழுந்தார், விட்டார்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த டமார் சத்தம் மின் இணைப்பைத் துண்டிக்கும் கருவியின் சத்தம், வண்டி விழுவதற்கு வாய்ப்பே இல்லை என்று பிறகு சொன்னார்கள். அதைக் கேட்டபோது கேப்டனுக்கு இன்னும் கேவலமாக இருந்தது. உண்மையான ஆபத்துக்குப் பயந்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

நின்றுபோன வண்டியின் பின்கோடியில் இருந்த பயணி ஒருவர், வளைவில் முன்பக்கம் முழுதாகத் தெரிந்ததால், ஜன்னல் வழியாகப் போனில் வீடியோப் படம் எடுத்திருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது. சாய்ந்து நிற்கும் வண்டி, நடுவில் பலகை, அதன் மேல் சீருடை போட்ட ஒரு மனிதர் தலை நிமிர்ந்து நடக்கிறார். கீழே பார்க்கப் பயந்துதான் தலை நிமிர்ந்திருந்தது. அது யாருக்குத் தெரியும்? 'பயணிகளுக்காக முதல் அடி வைத்தவர்' என்று தலைப்புப் போட்டார்கள்.

மைத்துனர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். "மாமா, இத்தனை வருஷம் கிண்டல் பண்ணினேன். கன்னத்துல போட்டுக்கறேன்," என்று நிஜமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டார். தன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போனைக் காட்டினார். மகள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு இதையே எடுத்துக்கொண்டு போய், இரண்டாம் பரிசு வாங்கி வந்தாள். "ஃபர்ஸ்ட் வந்த பொண்ணு யானையைப் பத்திப் பேசினாப்பா. யானை கூட எப்படிப்பா மோதுறது?" என்றாள். கேப்டன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். சிரிக்கத்தான் முடியவில்லை.

மருந்துக்கடையில் வேலை செய்யும் மனைவி மட்டும் அந்தப் படத்தை வேறு மாதிரி பார்த்தாள். சீட்டில் கிறுக்கியிருக்கும் மருந்துப் பெயரைப் படிக்கிற கண் அது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ பார்க்கும்போது ஓரிடத்தில் நிறுத்தினாள். "ஏங்க, இங்க பாருங்க. உங்க கையில இன்னொரு கை இருக்கு. அடுத்த நொடி காணோம். யாரு அது?"

"ஒரு பயணி. அவங்களே விட்டுட்டாங்க," என்றார் கேப்டன்.

அவள் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். பிறகு போனை மூடிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லையே என்று இருந்தது அவருக்கு.

நிர்வாகம் சும்மா விடுமா? ஒரு கூட்டம் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். மேடையில் ஏறும்போது முன்வரிசையில் பழைய பஸ் கண்டக்டர்கள் நாலு பேர் எழுந்து நின்று விசிலடித்தார்கள். அடுத்த வாரம் ஏழு நிலையங்களிலும் ஆள் உயரப் போஸ்டர். அவருடைய முகம், அதன் கீழே பெரிய எழுத்தில், 'உங்களுக்கு முன்னால் நாங்கள்!'

எழுதியவர் தெரிந்து எழுதவில்லை. ஆனால் கேப்டனை நடுத்தெருவில் நிற்க வைத்துச் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஒரு நாளைக்கு எட்டு நடை. நடைக்கு ஏழு தடவை தன் முகத்தைத் தானே பார்க்க வேண்டும். நிலையம் வரும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்வார்.

அதையும் சகித்திருப்பார். இரண்டாவது நிலையத்தைத்தான் சகிக்க முடியவில்லை. வண்டி உள்ளே நுழையும்போது போர்வைக்காரம்மா நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முன்பெல்லாம் வண்டியைக் கண்டதும் பையை எடுத்துக்கொண்டு எழுவார். இப்போது கேப்டன் நிற்கும் வண்டி என்று தெரிந்தால் எழுவதில்லை. பையை மடியில் வைத்தபடி எங்கோ பார்ப்பார். கதவு திறக்கும், மூடும், வண்டி போகும். அடுத்த வண்டிக்குப் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் போனால் அந்தக் கூடத்தில் என்ன சொல்வார்களோ. கேப்டன் மதிய வேலைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு மாதத்தில் அந்த அம்மாவுக்கும் முறை மாறி, மதியம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிந்துகொள்ளப் போய், ஒரே இடத்தில் முட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று.

இப்படியே காலம் போயிருக்கும். பாதுகாப்பு அதிகாரி ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், வேலையில் கெட்டிக்காரர், பேசும்போது பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

"கேப்டன், உங்களால நம்ம விதிப் புத்தகமே மாறப்போகுது. உதவியாளர் கடைசியாப் போகணும்னு இதுவரைக்கும் இருக்கு. அன்னைக்கு நீங்க முதல்ல நடந்ததாலதானே ஜனங்களுக்குத் தைரியம் வந்துச்சு? அதையே விதியா ஆக்கிடலாம்னு மேலே எழுதியிருக்கேன். ஆபத்துன்னா உதவியாளர் முதல்ல நடந்து காட்டணும். கேப்டன் முறைன்னே பேரு வெச்சிரலாம்!"

கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார். அதிகாரி கையமர்த்திவிட்டார். "அடக்கமெல்லாம் அப்புறம். பணிமனையில புது ஆட்களுக்கு ஒத்திகை. வந்து பாருங்க."

பணிமனையில் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நடுவில் பலகை போட்டிருந்தார்கள். பலகை தரையிலிருந்து இடுப்பு உயரம்தான். புது ஆட்கள் பன்னிரண்டு பேர், சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தார்கள். ஒருவன் உதவியாளராக நடித்தான். விறைப்பாக நடந்து பலகையைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்று, "வாங்க, வாங்க" என்றான். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். ஒரு பெண்ணுக்குக் கண் தெரியாதவர் வேடம். கைக்குட்டையால் கண்ணைக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் போன பிறகு அவள் கதவருகே தனியாக நின்று, கையைக் காற்றில் நீட்டித் துழாவினாள். "ஹலோ, யாராவது இருக்கீங்களா? என்னை மறந்துட்டீங்களே!" என்று விளையாட்டாகக் கத்தினாள். அந்தப் பக்கம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதிகாரியும் சிரித்தார். "அந்தக் கடைசி ஆள் விஷயத்துக்கு மட்டும் ஏதாவது யோசிக்கணும்," என்று குறித்துக்கொண்டார்.

கேப்டன் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். முகம் கழுவவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் வேண்டியிருந்தது. தான் ஓடிப் போனது ஒரு நாள் கூத்து என்று அதுவரை நினைத்திருந்தார். இனி எல்லோரும் ஓட வேண்டும் என்று அது அச்சில் ஏறப்போகிறது. இனி எந்த வண்டி நடுவழியில் நின்றாலும், இந்தப் பக்கம் கையைப் பிடிக்க ஆள் இருக்காது.

மறுநாள் அவருக்கு விடுமுறை. சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டாவது நிலையத்துக்குப் போனார். போர்வைக்காரம்மா பெஞ்சில் இருந்தார். எதிரே ஆள் உயரப் போஸ்டர். கேப்டன் அவருடைய வலது பக்கமாகப் போய், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"அக்கா, நான்தான்."

"தெரியுது."

என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். ஒன்றும் வரவில்லை. "நான் பயந்துட்டேங்க்கா," என்றார் கடைசியில்.

"பயந்தா என்ன? எனக்கும்தான் பயம். அங்க இருந்த எல்லாருக்கும் பயம்தான்." அந்த அம்மா பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "நீங்க உதறிட்டு ஓடியிருந்தா நான் அன்னைக்கே மறந்திருப்பேன் தம்பி. ஒவ்வொரு விரலாப் பிரிச்சீங்களே. சுண்டு விரல்ல ஆரம்பிச்சு. அதுக்கு நேரம் இருந்துச்சு உங்களுக்கு."

கேப்டன் தலை இன்னும் தாழ்ந்தது.

"அப்புறம் அந்தப் பக்கம் வந்தப்போ அதே கையை நீட்டுறீங்க. நான் வேணாம்னு சொல்ல முடியுமா? பிடிச்சுத்தான் எந்திரிக்கணும். அதைத்தான் என்னால முழுங்க முடியல."

"அதுக்காகத்தான் என் வண்டியில ஏறுறதில்லையா?"

"ஏறினா வணக்கம் சொல்லணும். நீங்க தலையாட்டணும். அது ரெண்டும் என்னால முடியாது. பன்னெண்டு நிமிஷம் உக்காந்திருக்கிறது சுலபம்."

ஒரு வண்டி வந்து நின்றது. அதில் எதிர் வண்டிப் பெண்தான் உதவியாளர். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போர்வைக்காரம்மா எழவில்லை.

கேப்டன் விதி மாறப்போவதைச் சொன்னார். ஒத்திகையைச் சொன்னார். கண்ணைக் கட்டிய பெண்ணையும் சொன்னார். "நடந்ததை எழுதிக் கொடுக்கப் போறேன். உங்களையும் கேட்டுக்கிட்டு எழுதலாம்னு வந்தேன். மன்னிச்சுக்குங்கன்னு கேக்கவும்தான்."

"மன்னிப்பு இருக்கட்டும்," என்றார் அந்த அம்மா சட்டென்று. "எழுதுங்க. ஆனா என் கண்ணைப் பத்தி ஒரு எழுத்து வரக் கூடாது. வேலை இடத்துல யாருக்கும் தெரியாது. ஒத்தக் கண்ணுன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அன்னைக்கு உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

கேப்டனுக்கு அது நெஞ்சில் தைத்தது. ஊரில் ஒருத்தரிடமும் சொல்லாததை நம்பித் தன் காதில் சொன்னவரின் விரலைத்தான் அவர் பிரித்திருக்கிறார்.

"வராதுக்கா," என்றார்.

அடுத்த வண்டி வந்தது. போர்வைக்காரம்மா எழுந்தார். கதவருகே போனவர் திரும்பி, எதிரே இருந்த போஸ்டரை மோவாயால் காட்டினார். "முதல்ல அதைக் கிழிக்கச் சொல்லுங்க. போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை பாக்க வேண்டியிருக்கு."

அன்று மாலை மனைவியிடம் சொன்னார். சமையலறையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டேனே. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வாய் வரல."

"பயந்ததுகூடப் போகட்டும். 'அவங்களே விட்டுட்டாங்க'ன்னு சொன்னீங்க பாருங்க..." அவள் முடிக்கவில்லை. மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, "பாப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

மகளிடம் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அவள் பாடப் புத்தகத்தை விரித்தபடியே கேட்டாள். கேட்டு முடித்து, "நான் எல்லார் முன்னாடியும் மைக்ல சொன்னேன்பா," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவரிடம் பேசவில்லை. பத்தாவது நாள் மதிப்பெண் அட்டையைக் கொண்டு வந்து நீட்டி, "கையெழுத்து" என்றாள். அவர் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. பரிசுக் கோப்பை மட்டும் அலமாரியில் இல்லை. எங்கே வைத்தாள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பாதுகாப்பு அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பேனா தட்டுவது நின்றிருந்தது.

"இதை எதுக்கு இப்போ எழுதுறீங்க? யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாருக்கும் நல்லதாத்தானே முடிஞ்சுது?"

"விதி மாறக் கூடாது சார். நான் நடந்து காட்டல. ஓடினேன்."

"கையை விடுவிச்சுக்கிட்டேன்னு எழுதியிருக்கீங்க. யாரு கை? அவங்க ஏன் உங்களைப் பிடிச்சாங்க?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

"ஆள் பேர் இல்லாத புகாரை நான் என்ன பண்றது?"

"புகார் என் மேலதான் சார். என் பேர் இருக்கு."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் எழுதிய பரிந்துரை, மேலே பேசிய பேச்சு எல்லாம் அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். "என் மானத்தையும் சேர்த்து வாங்கிட்டீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். ஆனாலும் கடிதத்தைக் கிழிக்காமல் கோப்பில் வைத்தார். அந்த அளவுக்கு அவர் நேர்மையான மனிதர்.

விசாரணை நடந்தது. எதிர் வண்டிப் பெண்ணைக் கேட்டார்கள். "பலகை தாங்குதான்னு பார்த்தேன்னு சார் சொன்னாங்க. நான் நம்பினேன்," என்றாள். அறைக்கு வெளியே வந்து அவரைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. "நீங்க வந்ததுமே நான்தான் சார் அந்தப் பக்கம் போய் நின்னிருக்கணும். எனக்கும் தோணல," என்றாள். அவளுக்கும் ஒரு பங்கு வெட்கத்தைக் கொடுத்துவிட்டோமே என்று கேப்டன் நொந்துகொண்டார்.

இரண்டு வாரம் பணியிடை நீக்கம். அதன் பிறகு வண்டியில் ஏறக் கூடாது. நகர நடுவிலுள்ள நிலையத்தில், தரைத் தளத்தில், பெட்டி தள்ளும் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய விதி பழையபடியே இருந்தது. அதன் கீழே ஒரு வரி புதிதாகச் சேர்த்தார்கள்: 'உதவி தேவைப்படுபவரை முதலில் அனுப்ப வேண்டும், அவரைத் தனியாக விடக் கூடாது.' போஸ்டர்களை நிர்வாகம் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. இரண்டாவது நிலையத்தில் மட்டும் அதற்கு முன்பே யாரோ எடுத்திருந்தார்கள் என்று கேள்வி. கேப்டன் வாய் திறக்கவில்லை. மைத்துனர் மூன்று ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை வந்து, "சொல்லாமலே இருந்திருக்கலாமே மாமா, யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?" என்றார். "நீங்களும் கடையில இனிமே காட்டாதீங்க மாப்ள," என்றார் இவர். மைத்துனர் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

போர்வைக்காரம்மா இப்போது வருகிற முதல் வண்டியில் ஏறிவிடுகிறார் என்று எதிர் வண்டிப் பெண் ஒரு நாள் வந்து சொன்னாள். கேப்டன் அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கவில்லை. மன்னித்தாரா என்று இன்றுவரை தெரியாது. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்பது மட்டும் தெரியும்.

ஆனால் அந்தப் படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கோப்பில் இருக்கிற கடிதத்தையா ஜனங்கள் படிக்கிறார்கள்? வாரத்துக்கு ஒருவராவது பெட்டியை நிறுத்தி, "நீங்கதானே அவர்?" என்று கேட்டுவிடுகிறார். கேட்கிறவருக்கு நேரமிருந்தால் நின்று நடந்ததைச் சொல்வார். அவசரத்தில் சில நாள் வெறுமனே தலையாட்டிவிடுவார். அப்படிப்பட்ட நாளில் மத்தியானச் சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்பும். மனைவி டிபன் டப்பாவைத் திறந்து பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள்.

போன வாரம்கூட ஒரு தம்பதி. விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் ஆரம்பத்திலிருந்து சொன்னார், விரலைப் பிரித்தது வரைக்கும், கண் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. அந்தப் பெண்மணி கேட்டு முடித்து, கணவரிடம், "எவ்வளவு அடக்கம் பார்த்தீங்களா!" என்றார். கணவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்.

"படம் வேணாங்க," என்றார் கேப்டன். "நான் சொன்னது அப்படியே நடந்தது."

பெண்மணியின் சிரிப்பு மெதுவாக மறைந்தது. கணவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். இருவரும் பெட்டிகளை இறக்கிக்கொண்டு மின்தூக்கிக்குள் போனார்கள். கதவு மூடும்வரை அந்தப் பெண்மணி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேப்டன் பார்வையைத் தாழ்த்தவில்லை. காது மடல் வரைக்கும் சுட்டது. காலியான தள்ளுவண்டியை இழுத்து மற்றவற்றோடு செருகிவிட்டு, அடுத்தவரின் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனார்.